புதுசா என்ன வந்திருக்கு? நூலகம் பற்றிய வாசகர் கேள்விகள்

"'புதுசா ஏதாவது கொடுங்க சார்' என்று கேட்கிறார்கள். பரிசு வாங்கிய நாவலை எடுத்துக் கொடுத்தால் நாலே நாளில் திரும்பி வந்துவிடுகிறது. படித்த மாதிரியும் தெரியவில்லை. எங்கே தவறுகிறேன்?"
— கிளை நூலகர், விருதுநகர் மாவட்டம்

கேள்வியை அப்படியே எடுத்துக்கொண்டதுதான் தவறு. 'புதுசா' என்று கேட்பவர்களில் பலருக்கு அச்சான ஆண்டு ஒரு பொருட்டில்லை. இன்னும் படிக்காதது, ஆனால் பிடிக்கக்கூடியது என்பதைத்தான் அந்த ஒரு சொல்லில் கேட்கிறார்கள். அலமாரிப் பக்கம் திரும்பும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். கடைசியாக எதை முழுசாகப் படித்து முடித்தீர்கள்? எதைப் பாதியில் மூடி வைத்தீர்கள்? இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலில்தான் விஷயம் இருக்கும். 'என்ன மாதிரி புத்தகம் பிடிக்கும்?' என்று தொடங்கினால் 'நல்ல புத்தகமா இருந்தா போதும்' என்பார், பேச்சு அதோடு சரி. புத்தகமே படித்துப் பழகாதவராக இருந்தால் அண்மையில் ரசித்துப் பார்த்த படத்தைக் கேளுங்கள், அதுவும் வேலைக்கு ஆகும்.

சியாட்டில் நகர நூலகத்தில் பணியாற்றிய நான்சி பேர்ல், ஒரு புத்தகத்துக்குள் நுழைய நான்கு வாசல் என்பார்: கதை, மனிதர்கள், இடம், மொழி. வாசகர் எந்த வாசல்காரர் என்பது அவர் பேச்சிலேயே தெரிந்துவிடும். 'அடுத்து என்ன ஆச்சுன்னு பார்க்காம தூங்க முடியல' என்பவர் கதைக்காரர். 'அந்தப் பொம்பள அப்படியே எங்க அத்தை' என்பவருக்கு மனிதர்கள் வேண்டும். 'அந்த ஊருக்கே போய்ட்டு வந்த மாதிரி இருந்துச்சு' என்றால் இடம். ஒரு வரியை மனப்பாடமாகச் சொல்லிக் காட்டுகிறவர் மொழி வாசலில் நிற்கிறார்.

இதைச் சாகித்திய அகாதமி பரிசு பெற்ற நாவல்களிலேயே வைத்துப் பார்க்கலாம். சோ. தர்மனின் 'சூல்' கண்மாயும் அதைச் சுற்றிய கிராமமுமாக நிதானமாக விரிவது. இட வாசல்காரர் அதில் ஊறிப்போவார், கதை வாசல்காரர் அறுபதாம் பக்கத்தில் கொட்டாவி விடுவார். எஸ். ராமகிருஷ்ணனின் 'சஞ்சாரம்' நாகஸ்வரக் கலைஞர்களின் உலகம். மனிதர்களுக்காகப் படிப்பவருக்கு ஏற்றது. மு. ராஜேந்திரனின் 'காலா பாணி' 1802இல் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டவர்களைப் பற்றியது. சரித்திர நாவல் என்றதும் அரண்மனைச் சூழ்ச்சியை எதிர்பார்ப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிக் கொடுங்கள். இமையத்தின் 'செல்லாத பணம்' பெரும்பகுதி உரையாடல் என்பதால் பக்கங்கள் வேகமாக ஓடும். ஆனால் அது நடப்பது புதுச்சேரி ஜிப்மரின் தீக்காயப் பிரிவில். வீட்டில் அண்மையில் சாவு கண்டவரிடம் அதை ஒன்றும் சொல்லாமல் நீட்டிவிடக் கூடாது. நான்கும் பரிசு பெற்றவைதான், ஆனாலும் நான்கும் ஒரே ஆளுக்கு ஒத்துவருவது அபூர்வம்.

எடுத்துக் கொடுக்கும்போது மூன்றுக்கு மேல் போகாதீர்கள். ஒன்று அவர் சொன்னதற்கு மிக நெருக்கமானது. அடுத்தது அரை அடி தள்ளியது. மூன்றாவது 150 பக்கத்துக்குள் முடியும் சின்னப் புத்தகம். பத்தை மேசையில் அடுக்கினால் எதையும் எடுக்காமல் நாளிதழ் பக்கம் போய்விடுவார். 'பிடிக்கலைன்னா பாதியிலேயே கொண்டுவாங்க, ஏன்னு மட்டும் சொல்லுங்க' என்று சொல்லி அனுப்புங்கள். அடுத்த பரிந்துரைக்கு அந்தக் காரணம்தான் உதவும்.

"விருதுப் பட்டியலைப் பார்த்து 'புதுவரவு' பலகை எழுதுகிறேன். சரிதானே?"
— நூலக உதவியாளர், திண்டுக்கல்

விருது புதிதாக இருக்கும், புத்தகம் அப்படி இருக்க வேண்டியதில்லை. அகாதமி விதிப்படி, விருது ஆண்டுக்கு முந்தைய ஆண்டை விட்டுவிட்டு அதற்கு முன்னுள்ள ஐந்து ஆண்டுகளில் முதல் பதிப்பு கண்ட நூல்களே கணக்கில் வரும். 2024 விருதென்றால் 2018 முதல் 2022 வரை. அந்த ஆண்டு பரிசு பெற்ற ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' நல்ல நூல்தான். அதை 'விருது பெற்றவை' என்ற தலைப்பில் வையுங்கள், 'புதுவரவு' என்று எழுத வேண்டாம்.

புதிய புத்தகத்தை அட்டையை வைத்து முடிவு செய்யாமல் உள்ளே பதிப்பு விவரப் பக்கத்தைப் பாருங்கள். பளபளப்பான புது அட்டைக்குள் 1960களின் நாவல் இருக்கும். 'முதல் பதிப்பு' என்ற சொல்லை மட்டும் நம்பிவிடவும் கூடாது. அதற்கு முன்னால் பதிப்பகத்தின் பெயர் ஒட்டியிருந்தால் 'எங்களிடம் முதல் முறை' என்று பொருள், வேறொருவர் முன்பே போட்டிருக்கலாம். தமிழில் புதிய நூல்கள் பெரும்பாலும் சென்னைப் புத்தகக் காட்சியை ஒட்டி டிசம்பர், ஜனவரியில் குவியும். ஜனவரி மாதமே பட்டியல் போட்டால் விளம்பரத்தில் கண்டதெல்லாம் அதில் ஏறிவிடும். பிப்ரவரி கடைசியில் போடுங்கள், அதற்குள் நாலு பேர் படித்து நாலு விதமாகப் பேசியிருப்பார்கள். பலகையின் மூலையில் எழுதிய தேதி இருக்கட்டும். போன வருஷத்துப் 'புதுவரவு' இன்னும் தொங்கும் நூலகங்கள் கொஞ்சமல்ல.

"படம் வந்ததும் அதன் மூல நூலைக் கேட்டுக் கூட்டம் வருகிறது. வாங்கி வைப்பதற்குள் கூட்டம் கலைந்துவிடுகிறது. எப்படிச் சமாளிப்பது?"
— வாசகர் வட்டப் பொறுப்பாளர், தஞ்சாவூர்

கூட்டம் இரண்டு முறை வரும், தியேட்டரில் வெளியாகும்போது ஒருமுறை, ஓடிடியில் வரும்போது இன்னொரு முறை. பல தமிழ்ப் படங்களில் இரண்டுக்கும் இடையே நான்கு முதல் எட்டு வாரம். முதல் அலையைத் தவறவிட்டாலும் இரண்டாவதற்குள் தயாராகிவிடலாம்.

தொகுதி தொகுதியான நூல்களில் முழு செட்டுகளாகவே வாங்குவது ஒரு தப்புக் கணக்கு. 'பொன்னியின் செல்வன்' படத்தின் முதல் பாகம் 2022 செப்டம்பரிலும் இரண்டாம் பாகம் 2023 ஏப்ரலிலும் வந்தன. கல்கியின் நாவலோ ஐந்து பாகம். அப்படிப்பட்ட நேரத்தில் முதல் பாகமான 'புது வெள்ளம்' எப்போதும் யார் வீட்டிலாவது இருக்கும், கடைசிப் பாகமான 'தியாகச் சிகரம்' அலமாரியில் தூங்கும். வழியில் நின்றுபோகிறவர்கள் அதிகம் என்பதே காரணம். தனித்தனிப் பாகமாக விற்கும் பதிப்பைத் தேடி, முதல் பாகத்தில் 4, இரண்டாவதில் 3, மற்றவற்றில் 2 என்று இறங்குவரிசையில் வாங்குங்கள். கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டதால் பல பதிப்பகங்கள் போட்டிருக்கின்றன, சுருக்கப் பதிப்புகளும் நடுவில் கலந்திருக்கும். பணம் கொடுக்கும் முன் 'சுருக்கம்' என்ற சொல் எங்காவது பொடி எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொரு சிக்கல், படத்தில் பார்த்ததையே புத்தகத்தில் தேடுவது. 2019இல் வந்த 'அசுரன்' பூமணியின் 'வெக்கை'யிலிருந்து எடுத்தது. நாவல் ஒரு கொலைக்குப் பின் மகனும் தகப்பனும் தலைமறைவாகத் திரியும் சில நாட்கள்தான். படத்தின் நீண்ட ஃபிளாஷ்பேக்கை அதில் தேடக் கூடாது. கரிசல் பேச்சும் முதல் இருபது பக்கத்துக்குப் புதிதாக இருக்கும். 'விசாரணை'யின் முற்பாதி மு. சந்திரகுமாரின் 'லாக்கப்' நூலில் உள்ள அவருடைய சொந்த அனுபவம், பிற்பாதி படத்துக்காகச் சேர்த்தது. 'விடுதலை' பார்த்துவிட்டு ஜெயமோகனின் 'துணைவன்' நாவலைக் கேட்டு வருவார்கள். அது சிறுகதை, தொகுப்புக்குள்தான் இருக்கும். நூற்பட்டியலில் தலைப்பை மட்டும் தேடிவிட்டு 'இல்லை' என்று அனுப்பிவிடாதீர்கள். பெரிய திரையில் 2024இல் வந்த 'ஆடுஜீவிதம்' பென்யாமின் மலையாளத்தில் எழுதிய நாவல், தமிழ் மொழிபெயர்ப்பு உண்டு. படம் மெதுவாகப் போகிறது என்று அலுத்துக்கொண்டவருக்குக்கூடப் புத்தகம் பிடிக்கலாம், ஏனென்றால் நாயகன் நஜீபே தன் வாயால் சொல்லும் கதை அது.

இந்த வித்தியாசங்களை ஒரு சீட்டில் எழுதிப் புத்தகத்தின் உள் அட்டையில் செருகிவிடுங்கள். 'படத்தில் இல்லாதது இதில் என்ன?' என்ற ஒரே கேள்விக்குப் பதில் இருந்தால் போதும்.

"அந்தச் சீட்டில் என்ன எழுதுவது? 'அருமையான நாவல், அனைவரும் படிக்கவும்' என்று எழுதி வைத்திருக்கிறோம்."
— ஊர்ப்புற நூலகர், ஈரோடு மாவட்டம்

அதை எந்தப் புத்தகத்தில் வேண்டுமானாலும் மாற்றிச் செருகலாம், அதனாலேயே அது ஒன்றுக்கும் உதவாது. போஸ்ட் கார்டில் பாதி அளவு அட்டை, 25 முதல் 30 சொல். யாருக்குப் பிடிக்கும், எவ்வளவு நீளம், எது தடுக்கும், இந்த மூன்றும் இருக்க வேண்டும். ஒரு மாதிரி: 'கண்மாய், விவசாயம், பழைய கிராமத்து மனிதர்கள். பெரிய நாவல், நிதானமாகப் போகும். வட்டாரப் பேச்சு உண்டு. தாத்தா சொல்லும் ஊர்க்கதையை உட்கார்ந்து கேட்கப் பிடிக்கும் என்றால் எடுங்கள்.' எது தடுக்கும் என்பதை எழுதத் தயங்குவார்கள். எழுதினால்தான் மீதியை நம்புவார்கள். முடிவை மட்டும் சொல்லிவிடாதீர்கள். அலமாரியில் முதுகு தெரியும்படி நிற்கும் நூறு புத்தகத்துக்குச் சீட்டு எழுதுவதைவிட, முன்பக்கம் தெரிய நிறுத்திய எட்டுக்கு எழுதுவது பலன் தரும். வாரம் ஒருமுறை எட்டையும் மாற்றுங்கள்.

"ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் புரொஜெக்டர் வைத்து, எங்கள் ஓடிடி கணக்கிலிருந்து புதுப் படம் போட்டுக்காட்டலாமா? டிக்கெட் கிடையாது."
— வாசகர் வட்டம், நாகர்கோவில்

கூடாது. டிக்கெட் இல்லை என்பதால் அது தனிப்பட்ட பார்வை ஆகிவிடாது. ஓடிடி சந்தா வீட்டுப் பார்வைக்குத்தான். பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 52ஆம் பிரிவில் கல்வி நிறுவனங்களுக்கு ஒரு விலக்கு இருக்கிறது. அதுவும் மாணவர், ஆசிரியர், பெற்றோர் போன்றோர் மட்டும் பார்க்கும்போதுதான், பொது நூலகக் கூட்டத்துக்குப் பொருந்தாது.

வழி இரண்டு. ஒன்று, தயாரிப்பாளரிடம் எழுத்தில் அனுமதி. சிறு முதலீட்டுப் படம், குறும்படம், ஆவணப்படம் எடுத்தவர்கள் பெரும்பாலும் மகிழ்ச்சியாகக் கொடுப்பார்கள், இயக்குநரே வந்து பேசவும் செய்வார். தேதி, இடம், எத்தனை பேர், கட்டணமில்லை, இந்த நான்கையும் கடிதத்தில் எழுதுங்கள். இயக்குநர் சம்மதித்தால் மட்டும் போதாது, உரிமை யார் கையில் என்று கேட்டு அந்த உரிமையாளரிடம் கையெழுத்து வாங்குங்கள். இரண்டாவது வழி பழைய படம். வெளியான ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டுகள் படத்துக்கு உரிமை. 1960இல் வந்த படம் 2021 ஜனவரி 1 முதல் விடுதலை. ஆனால் பாடல் வரிக்குத் தனிக் கணக்கு, கவிஞர் மறைந்த ஆண்டிலிருந்து 60. கண்ணதாசன் மறைந்தது 1981இல், அவர் வரிகளுக்கு 2041 முடியும்வரை உரிமை உண்டு. பாட்டுள்ள பழைய படம் என்றால் அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

படம் போடாமலே படத்தைப் பரிந்துரைக்கத் தடை ஏதுமில்லை. 'வீட்டில் பாருங்கள், ஞாயிறு வந்து பேசுவோம்' என்று இரண்டு வாரம் முன்னதாக அறிவியுங்கள். பேச்சு நன்றாகவே நடக்கும், புரொஜெக்டர் மக்கர் செய்யும் தலைவலியும் இல்லை.

"பதின்மூன்று வயது மகனுக்கு எந்தப் படம், எந்தப் புத்தகம் சரி என்று எதை வைத்து முடிவு செய்வது?"
— ஒரு தாய், சேலம்

படத்துக்குச் சான்றிதழ் உதவும். பழைய யு/ஏ 2024 முதல் 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிந்துவிட்டது. ஓடிடியிலும் இதே வயதுப் பிரிவுகள் உண்டு. ஆனால் அங்கே மட்டும் வரும் படங்களுக்கும் தொடர்களுக்கும் தணிக்கைக் குழு சான்று தருவதில்லை, நிறுவனமே தனக்குத் தானே போட்டுக்கொள்வது. புத்தகத்துக்கு இப்படி எதுவும் கிடையாது. கதாநாயகன் சிறுவன் என்பதால் அது சிறுவர் நூல் ஆகிவிடாது. 'வெக்கை'யில் கொலை செய்வதே ஒரு சிறுவன்தான். நடுவிலிருந்து பத்துப் பக்கம் நீங்கள் படித்துப் பாருங்கள், முதல் அத்தியாயம் பல நூல்களில் சாதுவாகத்தான் இருக்கும்.

"ஒரு புத்தகத்தை எத்தனை பக்கம்வரை பொறுத்துப் படிக்கலாம்?"
— ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

மேலே சொன்ன நான்சி பேர்லின் கணக்கு: 50 பக்கம். வயது 50 தாண்டினால் நூறிலிருந்து வயதைக் கழித்துக்கொள்ளுங்கள். எழுபது வயதுக்காரருக்கு 30 பக்கம் போதும். நூறு வயது ஆனவர் அட்டையைப் பார்த்தே முடிவு செய்துகொள்ளலாம்.

"எங்கள் ஊர் நூலகத்துக்குப் புது நூல் வருவதே இல்லை. பரிந்துரைப் பதிவேட்டில் எழுதினாலும் பலனில்லை."
— வாசகர், அறந்தாங்கி

என்ன எழுதினீர்கள் என்பதைப் பொறுத்தது. 'நல்ல நாவல்கள் வாங்கவும்' என்ற வரியை வைத்துக்கொண்டு யாரும் எதையும் வாங்க முடியாது. நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், பதிப்பாண்டு, விலை, பின் அட்டைப் பட்டைக் குறியீட்டருகே உள்ள 13 இலக்க ஐஎஸ்பிஎன், இத்தனையும் எழுதுங்கள். இந்திய நூல்களில் அது பெரும்பாலும் 978-81 அல்லது 978-93 என்று தொடங்கும். ஒரே நூலை ஐந்து உறுப்பினர்கள் தனித்தனியாக எழுதினால் மாவட்ட மைய நூலகத்துக்குப் போகும் பட்டியலில் அதற்கு எடை கூடும். வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரியும் கட்டுகிறீர்கள், ஆகவே கூச்சப்பட வேண்டியதில்லை.

அதுவரை அவசரமாக ஒரு நூலைப் பார்த்தே ஆக வேண்டுமென்றால் சென்னை கன்னிமாரா நூலகம் இருக்கிறது. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் நூல்களின் பிரதி 30 நாட்களுக்குள் போய்ச்சேர வேண்டிய நான்கு நூலகங்களில் அது ஒன்று. அப்படி வந்த பிரதியை அங்கேயே உட்கார்ந்துதான் படிக்க வேண்டும் என்பதால், கிளம்பும் முன் அது அலமாரிக்கு வந்துவிட்டதா என்று போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.