சென்னையில் மீட்ட காக்கட்டூவைக் கிண்டி காட்டில் பறக்கவிடலாமா?

வேண்டாம். காக்கட்டூ ஆஸ்திரேலியா, இந்தோனேசியா பக்கத்துக் கொண்டைக் கிளி. கிண்டியில் அதற்கு இனமும் இல்லை, பழகிய இரையும் இல்லை. வனத்துறையிடம் ஒப்படைப்பதுதான் சரி.

சொந்தக் காட்டுக்கே அனுப்புவதென்றாலும் மெதுவாகத்தான். முதலில் தனியாக வைத்து, அலகையும் இறகையும் சிதைக்கும் வைரஸ் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பறந்துவிடாமலிருக்க வெட்டிய இறகு அப்படியே வளராது. மிச்சமிருக்கும் அடித்தண்டு உதிர்ந்து புது இறகு முளைக்க மாதக்கணக்கில் ஆகும். அப்புறம் நீளமான கூண்டில் மற்ற காக்கட்டூக்களோடு பறந்து மார்புத் தசை தேற வேண்டும். பழத்தை அரிந்து தட்டில் வைக்காமல், காயும் கொட்டையுமாகக் கிளையோடு கட்டித் தொங்கவிடுவார்கள். அது கொஞ்சினாலும் யாரும் பதில் பேசக்கூடாது. எனக்கு இதுதான் மிகக் கடினமாகத் தெரிகிறது. மனிதரைக் கண்டு விலகாத பறவை மறுபடியும் வலையில் சிக்கிவிடும் என்பதால், அதைக் காப்பகத்திலேயே வைத்துக்கொள்வார்கள்.