தோல் தெளிந்த பிறகும் ஊசி எதற்கு?

கேள்வி: எனக்கு வயது 38. பாலக்கோட்டில் தையற்கடை வைத்திருக்கிறேன். சோரியாசிஸுக்காகப் பெங்களூரில் ஒரு மருத்துவமனையில் மாதம் ஒரு முறை செகுகினுமாப் ஊசி போட்டுவந்தேன். நான்காம் மாதத்திலேயே தோல் தெளிந்துவிட்டது. செலவும் தாங்கவில்லை, குணமாகிவிட்டதே என்று நிறுத்திவிட்டேன். இப்போது முழங்கையிலும் தலையிலும் செதில் திரும்பிவிட்டது. ஊசி பலிக்கவில்லையா? டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று போகவும் தயக்கமாக இருக்கிறது.
- ஒரு வாசகி, தருமபுரி மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரி, ஊசி நன்றாகவே பலித்திருக்கிறது, அதை நிறுத்தியதால்தான் செதில் திரும்பியிருக்கிறது. ஏறக்குறைய ஒரு மாதத்தில் முதிர்ந்து உதிர வேண்டிய தோல் செல்களை, தவறாகத் தூண்டப்பட்ட நோய் எதிர்ப்பு மண்டலம் சில நாட்களிலேயே மேலே தள்ளிவிடுவதுதான் சோரியாசிஸ். அந்தத் தூண்டுதலைக் கடத்தும் இன்டர்லூகின்-17ஏ என்ற புரதத்தை உங்கள் ஊசி தடுத்து வைக்கிறது. மருந்து உடலில் குறையக் குறைய அந்தத் தடையும் தளரும். சர்க்கரை அளவு சரியாகிவிட்டது என்று யாரும் மாத்திரையை நிறுத்துவதில்லை; இதுவும் அப்படிப்பட்ட நோய்தான்.

மருந்தில் மிகவும் திருப்தியடைந்தவர்களே அதை முதலில் விடுகிறார்கள் என்பதை இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் அடிக்கடி காண்கிறேன். அது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. மீண்டும் தொடங்கினால் பெரும்பாலோருக்குப் பலன் திரும்பும் என்றாலும், எல்லோருக்கும் பழைய அளவுக்குத் திரும்புவதில்லை. இவ்வகை ஊசிகள் சிலவற்றை இடையிடையே நிறுத்தி நிறுத்திப் போடும்போது, உடல் அந்த மருந்துக்கு எதிராகவே எதிர்ப்பொருளை உருவாக்கிக்கொள்ளவும் கூடும்.

செலவைப் பற்றி மருத்துவரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. இராயக்கோட்டை, ஓசூர் வழியாகப் பெங்களூர் போய்வர ஒரு நாள் கடையைப் பூட்ட வேண்டியிருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். நீங்கள் சொன்னால்தான் அவரால் மாற்று வழி யோசிக்க முடியும். தோல் நீண்ட நாள் தெளிவாக இருப்பவர்களுக்குத் தம் கண்காணிப்பில் ஊசிகளுக்கிடையிலான இடைவெளியை நீட்டிப் பார்க்கும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். 2014 முதல் இந்தியாவிலேயே தயாராகும் அடலிமுமாப் போன்ற விலை குறைந்த ஊசிகளும், வாரம் ஒரு முறை மட்டும் சாப்பிடும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையும் உண்டு. ஆனால் கருத்தரிக்கும் எண்ணம் இருந்தால் அந்த மாத்திரை கூடவே கூடாது. ஊசியை வீட்டிலேயே போட்டுக்கொள்ளக் கற்றுத்தரச் சொல்லிக் கேளுங்கள். இடையில் செய்ய வேண்டிய பரிசோதனைகளைத் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் செய்துகொள்ளலாமா என்றும் கேளுங்கள். வீட்டில் வைப்பதானால் மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஃபிரிட்ஜின் கதவிலோ ஃப்ரீசரை ஒட்டியோ வைக்காமல் நடுத்தட்டில் வையுங்கள். பேருந்தில் கொண்டுவரும்போது ஐஸ் பேக் ஊசியின் மேல் நேராகப் படாதபடி துணி சுற்றிக்கொள்ளுங்கள். உறைந்துபோன மருந்தைப் பயன்படுத்தக் கூடாது.

விட்ட இடத்திலிருந்து நீங்களாகவே ஊசியைத் தொடங்கிவிடாதீர்கள். காசநோய், மஞ்சள் காமாலைக் கிருமி ஆகியவற்றுக்கான பரிசோதனைகளை மருத்துவர் மறுபடியும் செய்யச் சொல்லலாம். இருமலோ காய்ச்சலோ இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதுவரை, அக்கம்பக்கத்தார் பரிந்து தரும் ஸ்டீராய்டு மாத்திரை எதையும் தொடவே வேண்டாம். அது செதிலை வேகமாக மறைக்கும்; ஆனால் நிறுத்தியதும் உடலெங்கும் சீழ்க்கொப்புளம் கிளம்பும் அளவுக்கு நோய் சீறி எழக்கூடும்.

மருத்துவரிடம் போகும்போது உங்கள் விரல்களைப் பற்றியும் சொல்லுங்கள். இந்நோய் உள்ளவர்களில் நூற்றுக்கு முப்பது பேர் வரை மூட்டுவாதமும் வரக்கூடும். காலையில் கத்தரிக்கோலைப் பிடிக்க முடியாதபடி விரல்கள் அரை மணி நேரத்துக்கு மேல் விறைத்திருந்தாலோ, ஒரு விரல் முழுவதும் வீங்கியிருந்தாலோ, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாமல் இந்த வாரமே போய்விடுங்கள்.