கானா மின்நுகர்வுத் தரவு: உருக்காலையைத் தனியே பிரித்துவிடுங்கள்

கானாவின் மின்நுகர்வையும் ஜிடிபியையும் நான்கு லேக் (முந்தைய நான்கு ஆண்டுகளின் மதிப்புகள்) வைத்து கிரேஞ்சர் சோதனை (ஒன்றின் பழைய மதிப்புகள் மற்றொன்றைக் கணிக்க உதவுகின்றனவா என்ற சோதனை) செய்தால், தரவு தொடங்கும் ஆண்டைப் பொறுத்து எது எதை முந்துகிறது என்ற திசையே மாறுகிறது, ஏன் என்று கேட்டிருந்தீர்கள். மென்பொருளைச் சந்தேகிக்க வேண்டாம், சிக்கல் தரவுக்குள்தான்.

அகோசொம்போ அணை 1965-இல் முடிந்தது. அதன் மின்சாரத்தில் பெரும்பங்கை நீண்ட காலம் விழுங்கியது தேமாவில் உள்ள வால்கோ அலுமினிய உருக்காலை. 1983-84 வறட்சியில் அணையின் ஏரி வற்றியதும் ஆலைக்கான மின்சாரம் வெட்டப்பட்டது. 2003-இல் ஆலையே மூடியது. அந்த ஆண்டும் பொருளாதாரம் என்னவோ வளர்ந்துகொண்டுதான் இருந்தது. ஒரே ஒரு வாடிக்கையாளர் கொட்டாவி விட்டதை நாடே தூங்கிவிட்டதாக உங்கள் சமன்பாடு படிக்கிறது. வால்கோவின் நுகர்வைக் கழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். வறட்சி ஆண்டுகளுக்கு டம்மி மாறியும் (அந்த ஆண்டுகளில் 1, மற்றவற்றில் 0) வேண்டும்.

அப்புறம், 2010-இல் ஜிடிபியின் அடிப்படை ஆண்டை 1993-இலிருந்து 2006-க்கு மாற்றியபோது அது சுமார் 60 சதவீதம் பெருத்தது. பழைய தொடரையும் புதியதையும் அப்படியே ஒட்டியிருக்கிறீர்களா? அதை முதலில் சரிபாருங்கள். 'டும்சோர்' என்று கானாவில் அழைக்கப்படும் தொடர் மின்வெட்டுக் காலத்தில் பதிவானதும் மக்கள் கேட்ட மின்சாரம் அல்ல, கிடைத்த மின்சாரம். ஜெனரேட்டர் குடித்த டீசல் அதில் வராது.

ஆண்டுத் தரவுக்கு நான்கு லேக் அதிகம். இரண்டோடு நிறுத்தி, டோடா-யமமோட்டோ முறையில் (தொடர்கள் காலப்போக்கில் ஏறிக்கொண்டே போனாலும் செல்லுபடியாகும் கிரேஞ்சர் சோதனை வகை) செய்து பாருங்கள்.