பேனல் ஒட்டும் முன் சுவரைத் தட்டிப் பாருங்கள்: டி.வி. சுவர் கேள்வி-பதில்

கேள்வி: அண்ணாச்சி, திருநெல்வேலி பெருமாள்புரத்தில் புது வீடு கட்டி முடியும் தறுவாயில் இருக்கிறது. ஹாலில் டி.வி. வரும் சுவர் 10 அடி அகலம், 9 அடி உயரம். நடுவில் மார்பிள் மாதிரி ஷீட், இரண்டு பக்கமும் கோடு கோடாக லூவர், கீழே யூனிட், சுற்றிலும் லைட் என்று, சுவரை மூடிப் பேனல் போட ஒருவர் கம்ப்யூட்டரில் படம் போட்டுக் காட்டினார். சதுர அடிக்கு 1,400 ரூபாய், மொத்தம் 1,26,000 ஆகும் என்கிறார். படம் கண்ணை விட்டு அகலவில்லை. கொடுக்கலாமா?

பதில்: படத்தை ஒரு ஓரமாக வையுங்கள் தங்கச்சி, முதலில் கணக்கைப் பார்ப்போம். பத்தை ஒன்பதால் பெருக்கினால் 90 சதுர அடி. சுவர் முழுவதற்கும் ஒரே விலை போட்டிருக்கிறார். ஆனால் அந்தச் சுவரில் நடக்கப்போகும் வேலை ஒரே வேலை இல்லை. மார்பிள் ஷீட் என்பது 8-க்கு 4 அடி அளவில் கடையில் கிடைக்கும் பி.வி.சி. ஷீட். அளவுக்கு வெட்டி, பசை போட்டு ஒட்டுவார்கள். லூவருக்குக் கொஞ்சம் கைவேலை உண்டு. உண்மையான தச்சு வேலை கீழே வரும் யூனிட்டில்தான். மூன்றுக்கும் 1,400 என்றால் ஷீட் ஒட்டும் இடத்தில் நீங்கள் அதிகம் கொடுக்கிறீர்கள். ஷீட் பேனல், லூவர், யூனிட், லைட் நான்குக்கும் தனித்தனியாக விலை எழுதித் தரச் சொல்லுங்கள். யூனிட்டுக்கு முன்பக்கத்தை மட்டும் அளப்பாரா, ஆழத்தையும் சேர்த்து அளப்பாரா என்று இப்போதே கேளுங்கள். வேலை முடிந்த பிறகு சண்டை வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இன்னொன்று. 55 இன்ச் டி.வி. மறைக்கும் இடம் ஏறத்தாழ 4 அடிக்கு 2 அடி 4 அங்குலம், அதாவது 9 சதுர அடிக்கு மேல். யார் கண்ணிலும் படாத அந்த இடத்துக்கு மட்டும் 13,000 ரூபாய் போகிறது. அங்கே சாதா பிளை (பிளைவுட் பலகை) போதும். ஜி.எஸ்.டி. உள்ளடங்கியதா என்பதையும் கேட்டுவிடுங்கள். 18 சதவீதம் தனி என்றால் இன்னும் 22,680 ரூபாய் சேரும். வரி வாங்குகிறவர் தன் பதிவு எண் போட்ட பில் தர வேண்டும்.

சரி, பணத்தை விட்டுவிட்டுச் சுவருக்கு வருவோம். அந்தச் சுவரின் மறுபக்கம் என்ன இருக்கிறது? பாத்ரூமா, வெளியா? வெளிச்சுவர் என்றால் ஐப்பசி கார்த்திகை மழையில் ஓதம் ஏறுகிறதா என்று பார்க்காமல் பேனலைத் தொட விடாதீர்கள். பேனல் ஈரத்தை நிறுத்தாது, மறைக்கத்தான் செய்யும். ஒன்றரை அடி சதுரத்தில் ஒரு பாலிதீன் தாளை எடுத்து, நாலு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் சுவர் இன்னும் ஈரத்தை விடுகிறது என்று அர்த்தம். புதுப் பூச்சு என்றால் காய நாள் கொடுங்கள். கசிவு என்றால் வெளிப்பக்கத்தில் சரிசெய்யுங்கள். இந்தச் சோதனைக்கு 20 ரூபாய்கூட ஆகாது.

அப்புறம் பலகை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். என் அக்கா வீடு வண்ணாரப்பேட்டைப் பக்கம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி கரை தாண்டி வந்தபோது ஹாலில் முழங்கால் அளவு தண்ணீர். வடிந்த பிறகு கழுவிவிடப் போயிருந்தேன். சுவரில் மாட்டியிருந்த டி.வி.க்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் கீழே, கட்டி ஒரு வருஷம்கூட ஆகாத யூனிட்டின் அடி டிராயரை இழுத்தேன், வரவில்லை. பலகை இரண்டு மடங்கு பருத்து இறுகிப்போயிருந்தது. ஓரத்தில் விரலை வைத்து அழுத்தினால் டீயில் முக்கிய ரஸ்க் மாதிரி பொலபொலவென்று உதிர்ந்தது. மேலே இருந்த மைக்கா மட்டும் முழுசாக, பளபளப்புக் குறையாமல் கையோடு வந்தது. அது மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை என்று அக்காவுக்கு அன்றைக்குத்தான் தெரியும். ‘பிளை’ என்று சொல்லித்தான் காசு வாங்கியிருந்தார்கள். அதே ஹாலில் கிடந்த ஆச்சி காலத்துத் தேக்குப் பெட்டியைக் கழுவி நிழலில் காயவைத்தோம். இன்றைக்கும் அதில்தான் போர்வை வைத்திருக்கிறாள்.

வெள்ளம் தினமும் வராதுதான். ஆனால் வீடு துடைக்கிற தண்ணீர் தினமும் வரும், கரையானுக்கு நாள் கிழமை கிடையாது. ஆகவே யூனிட்டுக்கு 710 பிளை கேளுங்கள். மரைன் பிளைக்கான இந்தியத் தர எண் அது. பலகையின் மேலேயே ஐ.எஸ்.ஐ. முத்திரையும், ஐ.எஸ். 710 என்பதும், சி.எம்./எல். என்று தொடங்கும் லைசென்ஸ் எண்ணும் அச்சாகியிருக்கும். அந்த எண்ணை ‘பி.ஐ.எஸ். கேர்’ என்ற செல்போன் செயலியில் போட்டால் எந்தக் கம்பெனியுடையது, உயிரோடு இருக்கும் லைசென்ஸா என்று காட்டும். பலகை வந்து இறங்கும்போது, வெட்டுவதற்கு முன்னால், முத்திரையைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மைக்கா ஒட்டிய பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்று எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது. ஐ.எஸ். 303 என்று இருந்தால் அது அதற்கு அடுத்த தரம். சுவரின் மேல்பகுதிக்கு அது போதும், கீழ் யூனிட்டுக்கு வேண்டாம்.

மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்த டபிள்யூ.பி.சி. பலகை நல்லதா என்று அடுத்துக் கேட்பீர்கள். தண்ணீரில் ஊறாது, கரையான் தின்னாது, இரண்டும் உண்மை. ஆனால் நீளமான ஷெல்ஃப் போட்டால் நடுவில் தொய்யும், ஸ்க்ரூவைப் பிளை அளவுக்குப் பிடிக்காது. அடித்தட்டுக்குப் போடலாம். எதில் செய்தாலும் யூனிட்டைத் தரையில் உட்கார வைக்காமல் 8 அங்குலம் தூக்கிச் சுவரோடு பிடிக்கச் சொல்லுங்கள். அடியில் மாப் போகும். கரையான் மண்கோடு இழுத்தால் அன்றே கண்ணில் படும்.

பேனலுக்கு முன்னால் வயரிங் முடிய வேண்டும். டி.வி. வரும் இடத்திலிருந்து கீழ் யூனிட் வரை 2 அங்குல பி.வி.சி. பைப் ஒன்றைச் சுவருக்குள் பதிக்கச் சொல்லுங்கள். எச்.டி.எம்.ஐ. வயர், கேபிள் வயர், பின்னால் சவுண்ட் பார் வாங்கினால் அதன் வயர் எல்லாம் அதற்குள் போகும். டி.வி.யின் பவர் வயரை அதில் விட வேண்டாம். டி.வி.க்குப் பின்னாலேயே தனி பிளக் பாயிண்ட் வையுங்கள். எல்.இ.டி. பட்டை விளக்குக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவர் டப்பாவைப் பேனலுக்குள் அடைத்து மூடிவிடுவார்கள். பட்டையைவிட முதலில் கெடுவது அந்த டப்பாதான், அதை மாற்ற அப்புறம் பேனலைப் பிய்க்க வேண்டும். கை எட்டுகிற டிராயருக்குள் வைக்கச் சொல்லுங்கள்.

இத்தனையும் செய்துவிட்டு, பேனலை 10 அடிக்கும் போடாமல் நடுவில் 5 அடி அகலத்துக்கு மட்டும் போட்டு, மீதிச் சுவரை நல்ல பெயிண்டாக விட்டால் 45 சதுர அடியோடு முடியும். அவர் சொன்ன அதே விலையில்கூட 63,000 ரூபாய்தான். மிச்சத்தில் 710 பிளையும் வயரிங்கும் வந்துவிடும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இதைத்தான் செய்வேன்.

கேள்வி: சோபாவுக்கும் சுவருக்கும் 9 அடி இருக்கிறது. 55 இன்ச் போதுமா, 65 வாங்கலாமா? எந்த உயரத்தில் மாட்டுவது? (கே.டி.சி. நகர் வாசகர்)

பதில்: 9 அடி என்றால் 108 அங்குலம். டி.வி.யின் அளவைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு தூரத்தில் உட்காரலாம். அந்தக் கணக்கில் இரண்டுமே சரிதான். வீட்டில் கேபிளில் வரும் சாதாரண சேனல்தான் அதிகம் ஓடும் என்றால் 55 எடுங்கள், பெரிய திரையில் அந்தப் படம் கலங்கித் தெரியும். 2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டி.வி.களுக்கும் ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய விலைப்பட்டியலைக் காட்டி ‘தள்ளுபடி’ என்றால் பில்லில் வரி எவ்வளவு என்று பாருங்கள்.

உயரம்தான் எல்லோரும் தவறுகிற இடம். கடையில் நின்றுகொண்டு பார்த்ததால் வீட்டிலும் நிற்கிற உயரத்தில் மாட்டிவிடுகிறார்கள், கழுத்து வலி வருகிறது. சோபாவில் உட்கார்ந்தால் கண் தரையிலிருந்து 40, 42 அங்குலத்தில் இருக்கும். திரையின் நடு அங்கே வர வேண்டும். 55 இன்ச்சுக்கு அடிவிளிம்பு 28 அங்குலத்தில் நிற்கும். நாளிதழ் தாள்களை ஒட்டி 48-க்கு 28 அங்குலத்தில் ஒரு துண்டு வெட்டிச் சுவரில் ஒட்டி இரண்டு நாள் அதைப் பார்த்து உட்காருங்கள். வீட்டில் பெரியவர்கள் பாய் விரித்துக் கீழே உட்கார்ந்து பார்ப்பார்கள் என்றால், முன்பக்கம் சாய்க்க முடிகிற பிராக்கெட்டாக வாங்குங்கள். மாலை வெயில் எந்த ஜன்னல் வழியாக வருகிறது என்பதையும் அந்த இரண்டு நாளில் கவனித்துவிடலாம்.

கேள்வி: டவுனில் ரத வீதியை ஒட்டிய பழைய வீடு. மகன் டி.வி. வாங்கித் தந்தான். மாட்ட வந்த பையன் துளை போட்டதும் காரை பெயர்ந்து கொட்டுகிறது. என்ன செய்ய? (ஓய்வுபெற்ற ஆசிரியர்)

பதில்: ஐயா, துளையிலிருந்து தடையில்லாமல் செம்மண் போலப் பொடி வந்துகொண்டே இருந்தால் அது மண் சாந்தில் வைத்த செங்கல். சாதாரண பிளாஸ்டிக் பிளக் அதில் நிற்காது. 55 இன்ச் டி.வி. 15 கிலோவுக்கு மேல்கூட இருக்கும், சாய்க்கிற பிராக்கெட் போட்டால் இழுப்பு இன்னும் கூடும். 18 மி.மீ. பிளைப் பலகையைப் பல இடங்களில் நீளமான போல்ட் போட்டுப் பிடித்து, அதில் பிராக்கெட்டை மாட்டுவது ஒரு வழி. எனக்குச் சம்மதமான வழி, மாட்டாமலே விடுவது. வீட்டில் பழைய தேக்கு மேஜை இருந்தால் டி.வி.யோடு வந்த காலைப் பொருத்தி அதன்மேல் வையுங்கள், பின்பக்கம் ஒரு நைலான் பட்டையால் மேஜையோடு கட்டிவிடுங்கள், பேரப்பிள்ளைகள் இழுத்தாலும் விழாது. சுவரில் விளக்கு மாடம் இருக்குமே, அதைப் பேனல் போட்டு மூடிவிட வேண்டாம். அப்படி ஒரு மாடத்தை இன்று கட்டித் தர ஆள் கிடைப்பது கஷ்டம்.

கேள்வி: கடலோரம் உவரியில் வீடு. பிராக்கெட் இரண்டே வருஷத்தில் துருப்பிடித்துவிட்டது.

பதில்: உப்புக் காற்றுதான் காரணம். ஸ்க்ரூ, போல்ட் எல்லாம் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வாங்குங்கள். பிராக்கெட்டில் பெயிண்ட் உரிந்த இடத்தை உடனே பூசுங்கள், வருஷம் ஒருமுறை ஆட்டிப் பாருங்கள்.

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் 80,000 ரூபாய் கொடுத்து டி.வி. யூனிட் செய்தோம். ஆறே மாதத்தில் கதவு வளைந்து, ஓரப் பட்டை உரிந்து தொங்குகிறது. செய்தவர் போனை எடுப்பதில்லை. கையில் பில் இல்லை, ஜி.பே.யில் அனுப்பியதுதான் இருக்கிறது.

பதில்: வருத்தமாக இருக்கிறது தம்பி, ஆனால் வழி இருக்கிறது. பணம் அனுப்பிய விவரம், வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய விலை, படம், பேசிய பேச்சு எல்லாமே சான்றுதான். எதையும் அழிக்காதீர்கள். இன்றைய தேதி தெரியும்படி வளைந்த கதவைப் போட்டோ எடுங்கள். என்ன குறை, எத்தனை நாளில் சரிசெய்ய வேண்டும் என்று எழுதி பெற்றுக்கொண்டதற்கான சான்றுடன் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். பலன் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்த பணத்துக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பிரச்சினை எழுந்து 2 வருஷத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் யாராவது தச்சரைக் கூப்பிட்டு அந்தக் கதவைச் சரிசெய்துவிடாதீர்கள், சான்று போய்விடும்.

கேள்வி: வாடகை வீடு, பேனல் எல்லாம் முடியாது. டி.வி.க்குப் பக்கத்தில் சுவர் வெறிச்சோடிக் கிடக்கிறது. செலவில்லாமல் அழகாக்க ஏதாவது சொல்லுங்கள் அண்ணாச்சி. (சேரன்மகாதேவி வாசகி)

பதில்: உங்கள் கல்யாணத்துக்குப் பெயர் போட்டு நெய்த பத்தமடைப் பாய் பீரோவில் இருக்கிறதா? பலர் வீட்டில் அது வெளிச்சமே பார்க்காமல் கிடக்கிறது. 6 மி.மீ. பிளையில் மடிப்பில்லாமல் விரித்து, ஓரத்தைப் பருத்தி நாடாவால் தைத்துப் பிடித்து, மெல்லிய தேக்குச் சட்டம் போட்டால் ஆயிரம் பேனலுக்குச் சமம். கோரையின் அந்த மினுமினுப்பு எந்த ஷீட்டிலும் வராது. வீடு மாறும்போது கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம். பக்கத்தில் ஒரு சின்னப் பலகை வைத்து காருகுறிச்சி மண்பானை ஒன்று, அம்பாசமுத்திரம் மரச் சொப்பு நாலு வையுங்கள், போதும். பாயை டி.வி.க்குப் பின்னால் மாட்டாமல் பக்கவாட்டில் மாட்டுங்கள். சுவருக்கும் பிளைக்கும் நடுவில் அரை அங்குலம் இடைவெளி விட்டால் மழைக்காலத்தில் பூசணம் பிடிக்காது. விளக்கையும் ஊதுபத்தியையும் அதன் அடியில் மட்டும் ஏற்ற வேண்டாம்.