உள்ளரங்கில் வெளிச்சம் குறைவாக இருக்கும்போது விளையாட்டுப் படங்கள் எடுப்பது எப்படி? ஐஎஸ்ஓவை, அதாவது கேமரா வெளிச்சத்தை உணரும் அளவை, ஏற்றினால் படம் கெட்டுவிடாதா?

கெடாது. ஐஎஸ்ஓவுக்குப் பயந்து ஷட்டர் வேகத்தைக் குறைப்பதால்தான், அதாவது ஷட்டரைக் கூடுதல் நேரம் திறந்து வைப்பதால்தான் கெடுகிறது. உங்களிடம் கேமராவோடு வந்த கிட் லென்ஸ் இருக்கும், ஃப்ளாஷ் போட விடமாட்டார்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நாங்கள் கோத்தகிரி. மகள் ஷட்டில் ஆடுகிறாள். போன நவம்பரில் குன்னூரில் ஒரு பள்ளிப் போட்டி. அந்த மாதம் இங்கே மழையும் மஞ்சுமாக மதியமே இருட்டிவிடும், அந்த அரங்கிலோ டியூப் லைட் பாதி எரியவில்லை. பக்கத்தில் நின்ற போட்டோகிராபர் என் கேமராவில் ஐஎஸ்ஓ 6400 என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, "சார், இவ்ளோ ஏத்துனா புள்ளி புள்ளியா வருமே" என்றார். அவர் படங்களில் சுவர் சுத்தமாக இருந்தது, ஆடுகிற பிள்ளையின் கையும் மட்டையும் கலங்கிப் போயிருந்தன. என் படத்தில் புள்ளி இருந்தது உண்மைதான். ஆனால் மகள் ஸ்மாஷ் அடிக்க எம்பியபோது, மட்டை படுவதற்குச் சற்று முன், ஷட்டிலின் இறகுகூடத் தெரிந்தது. பெரிதாகப் பிரிண்ட் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறேன், வந்தவர் யாரும் புள்ளியைப் பற்றிக் கேட்டதில்லை. நாய்ஸ் என்கிற இந்தப் புள்ளிகளை மென்பொருளில் குறைத்துக்கொள்ளலாம், கலங்கிய கையை ஒன்றும் செய்ய முடியாது.

நான் வைத்தது ஷட்டர் 1/800 விநாடி, எஃப் 1.8, 50 மில்லிமீட்டர் லென்ஸ். எஃப் எண் குறைந்தால் லென்ஸின் வாய் பெரிதாகத் திறக்கிறது என்று அர்த்தம். ஜூம் செய்தால் எஃப் 5.6-க்குப் போய்விடும் கிட் லென்ஸைவிட இதில் ஏறக்குறைய 10 மடங்கு வெளிச்சம் வரும், விலையும் குறைவு. பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் கேமரா இல்லாமல் முடியாது என்று இங்கே யாராவது வருவார்கள், என்னுடையது அதைவிடச் சின்ன சென்சார் உள்ள பழைய கிராப் சென்சார் கேமராதான்.

அப்புறம், ஒரே இடத்தில் தொடர்ந்து எடுத்த படங்களில் ஒன்று வெளிச்சமாகவும் அடுத்தது மங்கி மஞ்சளாகவும் வந்தால் கேமராவைச் சந்தேகப்படாதீர்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் டியூப் லைட் விநாடிக்கு 100 முறை மங்கித் தெளிகிறது. கேமராவில் இந்த மங்கலைத் தவிர்க்கும் ஆன்டி ஃப்ளிக்கர் வசதி இருந்தால் போடுங்கள், இல்லையென்றால் நாலைந்தாகத் தட்டி நல்லதை எடுத்துக்கொள்ளுங்கள். ரா-வில், அதாவது கேமரா பதப்படுத்தாத கோப்பாக எடுத்தால் நிறத்தைச் சரிசெய்வது சுலபம். மலைக்காரர்களுக்கு இன்னொன்று: குளிரிலிருந்து கூட்டம் நிறைந்த அரங்குக்குள் போனதும் பையைத் திறக்காதீர்கள், லென்ஸில் ஆவி படியும். கால் மணி நேரம் போகட்டும்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் போட்டிக்குப் பிள்ளைகளிடம் நுழைவுக் கட்டணம் வாங்கினார்கள், பரிசளிப்பு மேடைக்கு சீரியல் பல்பு கட்டியிருந்தார்கள். கோர்ட்டுக்கு மேலே எரியாத டியூப்பை மாற்ற மட்டும் ஆளில்லை. படம் எடுக்கிறவன் ஐஎஸ்ஓவை ஏற்றிக்கொள்வான், அந்த இருட்டில் ஷட்டிலைத் தேடி ஆடுகிற பிள்ளை எதை ஏற்றும்?