அண்ணாச்சி பதில்கள்: வாரம் ஒரு படம்

(நெல்லை வட்டாரத் தியேட்டர்களில் ஆபரேட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பாளையங்கோட்டைக்காரர். இப்போது சனிக்கிழமைதோறும் ஒரு குழுவைச் சேர்த்துக்கொண்டு படத்துக்குப் போகிறார். எல்லாக் கடிதங்களும் ‘அண்ணாச்சி’ என்றே தொடங்குவதால் அதுவே அவர் பெயராக நின்றுவிட்டது. இந்த வாரம் முழுக்கப் படக்குழு பற்றிய கேள்விகள்.)

ஓய்வு பெற்ற ஆசிரியைகள் ஏழு பேர் வாரம் ஒரு படம் என்று கிளம்பினோம். எந்தப் படம் என்பதில்தான் சண்டை. வாக்கெடுப்பு வைத்தால் அதே நான்கு பேர் சொல்லும் படமே ஜெயிக்கிறது. மற்ற மூவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வருகிறார்கள். வழி சொல்லுங்கள், அண்ணாச்சி.
— வாசகி, அம்பாசமுத்திரம்

வாக்கெடுப்பை இன்றே நிறுத்துங்கள், டீச்சர். ஏழில் நான்கு சேர்ந்துவிட்டால் மீதி மூவரும் ஆயுள் முழுக்க எதிர்க்கட்சிதான். முறை வையுங்கள். வாய்க்கால் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சுவதை உங்கள் ஊர்க்காரருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இன்று இவர் வயல், நாளை அடுத்த வயல். படத்துக்கும் அதுவே. முறைக்காரர் சொன்னதுதான் படம், மறுபேச்சு கிடையாது.

எங்கள் குழுவில் முறைக்காரருக்குச் சில கட்டுப்பாடுகளும் உண்டு. கதையை முன்கூட்டிச் சொல்லக் கூடாது. டிக்கெட் எடுப்பது அவர் பொறுப்பு. படம் முடிந்து பேசும்போது அவர் கடைசியாகத்தான் வாய் திறக்க வேண்டும். இந்தக் கடைசி விதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். அவர் முதலில் புகழ்ந்துவிட்டால் அவர் மனம் நோகுமே என்று மற்றவர்களும் தலையாட்டுவார்கள். பிறகு வீட்டுக்குப் போய் ஒருவருக்கொருவர் போன் போட்டு உண்மையைப் பேசிக்கொள்வார்கள்.

எங்களிடம் குறுக்குத்துறையிலிருந்து ஓர் ஆச்சி வருகிறார். கல்லூரியில் படிக்கும் ஒரு பையனும் வருகிறான். அவனுக்குப் பேய்ப் படம் என்றால் உயிர். அவன் முறை வந்தபோது ஆச்சியும் முணுமுணுக்காமல் வந்து உட்கார்ந்தார். வெளியே வந்ததும் அவர் கேட்டது ஒரே கேள்வி: “இத்தனை வருஷமாகப் பேய் வெள்ளைச் சேலைதான் கட்டுகிறது. அதை யார் வெளுத்துக் கொடுக்கிறார்கள்?” பையனிடம் பதில் இல்லை. பிறகு பழைய பக்திப் படம் ஒன்று மறுவெளியீடாக வந்தபோது ஆச்சியின் முறை. சாமி சட்டென்று மறைகிற காட்சியை எப்படி எடுத்தார்கள் என்று பையன் என்னைத் துளைத்துவிட்டான். கேமராவை அசைக்காமல் நிறுத்தி, நடிகரை மட்டும் விலகச் சொல்லிவிட்டு மறுபடி ஓட்டுவார்கள் என்று சொன்னேன். அந்த வாரமே தன் தங்கையைப் போனில் அப்படிப் படம் பிடித்து மறையவைத்துக் கொண்டுவந்து ஆச்சியிடம் காட்டினான். இரண்டு பேரும் தானாகத் தேடியிருந்தால் அந்த இரண்டு படங்களையும் இந்தப் பிறவியில் பார்த்திருக்க மாட்டார்கள்.

தனக்குப் பிடித்ததை மட்டும் பார்ப்பதென்றால் வீட்டிலேயே இருக்கலாம், டீச்சர். பஸ் செலவாவது மிச்சமாகும்.

எங்கள் ஊர்ப் படக்குழுவில் மூத்தவர்கள் வைத்ததுதான் சட்டம். உலக சினிமா, வங்காள சினிமா தவிர மற்றதெல்லாம் குப்பை என்கிறார்கள். எனக்கு அந்தப் படங்களில் பாதி தூக்கம் வருகிறது. நான் ரசனை இல்லாதவனா?
— கல்லூரி மாணவர், வள்ளியூர்

பெரியவர்கள் அப்படிப் பேசுவதற்கு ஒரு வரலாறு இருக்கிறது, தம்பி. 1947-இல் சத்யஜித் ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் நண்பர்களோடு சேர்ந்து கல்கத்தா பிலிம் சொசைட்டியைத் தொடங்கினார்கள். ராய் அப்போது விளம்பர நிறுவனத்தில் ஓவியர். ஒரு படம்கூட எடுத்ததில்லை. அவருடைய ‘பதேர் பாஞ்சாலி’ வந்தது 1955-இல். 1959-இல் நாட்டிலுள்ள சங்கங்கள் ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்தபோது அவரே தலைவரானார். 1964-இல் புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் வந்தது. அந்தக் காலத்தில் ஒரு பிரெஞ்சுப் படத்தையோ ஜப்பானியப் படத்தையோ பார்க்க நம் ஊரில் வேறு வழியே கிடையாது. தூதரகத்திலிருந்தோ புனேயிலிருந்தோ படப்பெட்டி வர வேண்டும்; இரவல் புரொஜெக்டர் கிடைக்க வேண்டும்; அன்று மின்சாரமும் இருக்க வேண்டும். அவ்வளவு பாடுபட்டு ஒரு படம் போடுகிறவன், எங்கும் கிடைக்கிற படத்தை ஏன் போடப் போகிறான்?

இன்றைக்கு அந்தப் பஞ்சம் இல்லை. ஆனால் பஞ்ச காலத்துப் பழக்கம் உங்கள் பெரியவர்களிடம் தங்கிவிட்டது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உங்களுக்கும் ஒரு முறை கேளுங்கள். கேட்டுப் பெற்றால், அவர்கள் வைக்கும் படத்துக்கும் நீங்கள் கண் விழித்து உட்கார வேண்டும். ‘பதேர் பாஞ்சாலி’யில் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ராவுக்கு அதுதான் முதல் படம், அதற்கு முன் அவர் சினிமா கேமராவை இயக்கியதே இல்லை. அதை மனத்தில் வைத்துக்கொண்டு மறுபடி ஒரு தடவை பாருங்கள். அப்போதும் தூக்கம் வந்தால் எனக்கு எழுதுங்கள், வேறு படம் சொல்கிறேன்.

பாப்கார்னா, முறுக்கா?
— வாசகர், மேலப்பாளையம்

இரண்டும் வேண்டாம். முறுக்கைக் கடிக்கும் சத்தத்தில் வசனம் போய்விடுகிறது. பாப்கார்ன் விலையில் பர்ஸே போய்விடுகிறது. இடைவேளையில் ஒரு டீ போதும்.

எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து சமுதாயக் கூடத்தில் புரொஜெக்டர் வைத்துப் பழைய படங்கள் பார்க்கிறோம். எல்லா நடிகர்களும் குண்டாகத் தெரிகிறார்கள். சில படங்களில் தலை வெட்டுப்படுகிறது. வசனமும் சரியாகக் கேட்கவில்லை. மெஷின் பழுதா, அண்ணாச்சி?
— இல்லத்தரசி, தென்காசி

மெஷினில் ஒரு பழுதும் இல்லை, தங்கச்சி. யாரோ திரையை நிரப்ப ஆசைப்பட்டிருக்கிறார்கள். 1950-களின் படங்கள் கிட்டத்தட்டச் சதுரமானவை. உயரம் ஒன்று என்றால் அகலம் 1.37. இன்றைய புரொஜெக்டரின் சட்டம் 16-க்கு 9. அந்தப் படத்தை இந்தச் சட்டம் முழுக்க இழுத்தால் எல்லோரும் குண்டாவார்கள். இழுக்காமல் பெரிதாக்கி நிரப்பினால் மேலும் கீழும் வெட்டுப்படும். ரிமோட்டில் படத்தின் அளவை மாற்றும் பகுதிக்குப் போய், மூல அளவை வையுங்கள். இரண்டு பக்கமும் கறுப்பாக இருக்கும். இருக்கட்டும். “திரை வீணாகிறதே” என்று யாராவது சொன்னால் என் பெயரைச் சொல்லுங்கள்.

இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபம் அதிகம், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் காலத்தில் இதற்கென்றே தனித்தனி லென்ஸும் வெவ்வேறு அளவில் வெட்டிய தகடுகளும் வைத்திருந்தோம். சினிமாஸ்கோப் படம் பிலிமில் பக்கவாட்டில் நெருக்கித்தான் பதிவாகியிருக்கும்; அதை விரித்துக் காட்டத் தனி லென்ஸ் மாட்ட வேண்டும். தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான ‘ராஜராஜ சோழன்’ 1973-இல் வந்தது. அந்த லென்ஸை மாட்டாமல் ஓட்டினால் சோழ நாடே ஒல்லியாகி நீண்டுவிடும். தரை டிக்கெட் சும்மா விடாது. கேபினைப் பார்த்து விசில் பறக்கும். இப்போது வீட்டு டிவியில் எல்லோரும் குண்டாகத் தெரிகிறார்கள், ஒருவரும் வாய் திறப்பதில்லை.

சத்தத்துக்கு வருகிறேன். புரொஜெக்டருக்குள்ளேயே இருக்கும் ஸ்பீக்கரை நம்பாதீர்கள். அது கூட்டத்தின் நடுவில் இருந்து கத்தும். முகம் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். தனி ஸ்பீக்கர் இரண்டு வாங்கித் திரைக்கு இருபுறமும், உட்கார்ந்திருப்பவர்களின் காது உயரத்துக்குக் கொஞ்சம் மேலே வையுங்கள். சமுதாயக் கூடத்தின் வெறும் சுவரும் டைல்ஸ் தரையும் எதிரொலிக்கும். பின்சுவரில் கனமான ஜமக்காளங்களைத் தொங்கவிடுங்கள், தரையிலும் விரியுங்கள். சத்தத்தைக் கூட்டாமலேயே வசனம் புரியும்.

பழைய படங்களைக் கூடத்தில் போடச் சட்டத்தில் இடம் உண்டா?
— வாசகர், சங்கரன்கோவில்

பதிப்புரிமைச் சட்டம் (1957) படத்துக்கு 60 ஆண்டுகள் உரிமை தருகிறது. வெளியான ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து கணக்கு. 1960-இல் வந்த படத்தின் உரிமை 2020 டிசம்பரோடு முடிந்தது. அந்த 60 ஆண்டு இன்னும் முடியாத படம் என்றால் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். டிக்கெட் வசூலிக்கவில்லை என்பது மட்டும் போதாது. வீட்டுக்காகக் கட்டிய ஓடிடி சந்தாவைத் தெருவுக்கே திறந்துவிடுவதும் கூடாது. குழுவைப் பதிவு செய்ய விரும்பினால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் இருந்தால் போதும். மற்றதை ஒரு வக்கீலிடம் கேளுங்கள், நான் ஆபரேட்டர்.

தோழிகளோடு வாராவாரம் திருநெல்வேலி வந்து படம் பார்க்க ஆசை. என் அத்தை (மாமியார்) “வாரா வாரம் சினிமாவா?” என்கிறார். இருட்டிய பிறகு திரும்புவதும் சங்கடமாக இருக்கிறது.
— வாசகி, சேரன்மகாதேவி

இருட்டும் சங்கடத்துக்குப் பகல் காட்சிதான் மருந்து. எங்கள் குழுவும் முன்பு மாலைக் காட்சிக்குத்தான் போனது. உங்கள் பக்கத்திலிருந்து வரும் இரண்டு பெண்களுக்காகவே இரண்டரை மணிக் காட்சிக்கு மாற்றினோம். ஆண்கள் சிலர் மத்தியானத் தூக்கம் போகிறது என்று புலம்பினார்கள். போகட்டும். ஐந்தரை மணிவாக்கில் படம் விட்டால் பாபநாசம் பஸ் இருக்கிறது. செங்கோட்டைப் பக்கம் போகும் ரயிலும் இருக்கிறது, நேரத்தை மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். டவுனில் படம் பார்த்தால் கீழ ரத வீதியில் இருட்டுக்கடை திறந்திருக்கும். கால் கிலோ அல்வா வாங்கிப் போனால் வீட்டில் பாதிக் கேள்விகள் குறையும். ஆனித் தேரோட்டச் சமயத்தில் மட்டும் டவுன் பக்கம் வேண்டாம், தியேட்டர் போய்ச் சேரவே முடியாது.

அத்தையை விட்டுவிட்டு வருவதுதான் சிக்கல். அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். முறைப் பட்டியலில் அவர் பெயரையும் எழுதுங்கள். தான் சொன்ன படத்துக்கு ஆறு பேர் பஸ் ஏறி வருகிறார்கள் என்றால் எந்த மாமியாரும் அசைந்துகொடுப்பார். அவர் தேர்ந்தெடுக்கும் படத்தை நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கும், அது வேறு விஷயம்.

ஆபரேட்டராக இருந்தவர் எல்லாப் படத்தையும் இலவசமாகப் பார்த்திருப்பீர்களே! கொடுத்து வைத்தவர்.
— வாசகர், நாங்குநேரி

எங்கே பார்த்தேன்? ஆயிரம் அடி ரீல் பதினோரு நிமிடம் ஓடும். அதற்குள் அடுத்த மெஷினில் அடுத்த ரீலை மாட்டி, வெளிச்சம் தரும் கார்பன் குச்சியைச் சரிசெய்து தயாராக நிற்க வேண்டும். ரீல் முடியப்போகும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி வந்து போகும்; அதைப் பார்த்ததும் இரண்டாவது மெஷினை ஓட விட வேண்டும். சில விநாடிகளில் இன்னொரு புள்ளி. அப்போது வெளிச்சத்தை மாற்ற வேண்டும். கதாநாயகி அழுதாலும் சரி, வில்லன் செத்தாலும் சரி, என் கண் அந்த மூலையில்தான். ஒரே பிரிண்டை இரண்டு தியேட்டர்களில் ஓட்டிய நாட்களும் உண்டு. அப்போது பெட்டியைச் சைக்கிளில் கொண்டுவரும் பையன் வந்து சேர்ந்தானா என்று வாசலையும் பார்க்க வேண்டும்.

ஓய்வு பெற்ற பிறகுதான், பக்கத்து இருக்கையில் ஆள் இருக்க, முதலிலிருந்து கடைசி வரை படம் பார்க்கிறேன். இன்றும் வலது மூலையில் கண் போகிறது. டிஜிட்டலில் அங்கே ஒன்றும் வராது என்று தெரியும், இருந்தாலும் போகிறது.

நம் ஊர் எழுத்தாளர்களுக்கும் சினிமாவுக்கும் தொடர்புள்ள படங்களாகத் தொடர்ந்து பார்க்க நினைக்கிறோம். படம் முடிந்ததும் யாரும் பேசாமல் “நன்றாக இருந்தது” என்று கலைந்துவிடுகிறார்கள். அதற்கும் வழி சொல்லுங்கள்.
— நூலகர், கல்லிடைக்குறிச்சி

நல்ல யோசனை. மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ (1979) புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யிலிருந்து கிளைத்தது. படம் கதையை விட்டு வெகுதூரம் போய்விடுகிறது; அதனால்தான் இரண்டையும் அருகருகே வைக்கச் சொல்கிறேன். நூலகர் நீங்கள், புத்தகத்தை ஒரு வாரம் முன்பே சுற்றில் விடுங்கள். புதுமைப்பித்தன் தாமும் சினிமாவுக்கு எழுதப் போனவர்தான். ‘ராஜமுக்தி’ படத்துக்காகப் புனே போன இடத்தில் காச நோய் முற்றி, 1948-இல் திருவனந்தபுரத்தில் இறந்தார். ருத்ரய்யாவின் ‘அவள் அப்படித்தான்’ (1978) வசனத்தில் வண்ணநிலவனுக்கும் பங்குண்டு. இந்தத் தலைமுறைக்கு மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ (2018). திருநெல்வேலிச் சட்டக் கல்லூரியில் நடக்கிற கதை. இந்தப் படத்துக்குப் பிறகு பேச்சு சூடாகும். சூடாகட்டும், தடுக்காதீர்கள். ஆனால் முறைக்காரர் கடைசியில்தான் பேச வேண்டும் என்பதை அன்றைக்குக் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள்.

பேச வைக்க “படம் எப்படி?” என்று கேட்காதீர்கள். அதற்கு “நன்றாக இருந்தது” தவிர வேறு பதில் வராது. “எந்த இடத்தில் கடிகாரத்தைப் பார்த்தீர்கள்?” என்று கேளுங்கள். “அந்த வீட்டில் சமையல் செய்வது யார், ஒரு தடவையாவது காட்டினார்களா?” என்று கேளுங்கள். எங்கள் குழுவில் கொத்தனார் ஒருவர் இருக்கிறார். எந்தப் படம் என்றாலும், அந்தக் குடும்பம் சொல்கிற வருமானத்தில் அந்த வீட்டைக் கட்ட முடியுமா என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிடுவார். பேச்சு அங்கிருந்து எங்கெங்கோ போகும். தியேட்டர் வாசலில் நின்று பேச வேண்டாம், வண்டி எடுக்கும் அவசரத்தில் பேச்சு நடக்காது. நாங்கள் வண்ணார்பேட்டையில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்துவிடுவோம். கடைக்காரர் பெஞ்சுக்குத் தண்ணீர் ஊற்றிக் கழுவத் தொடங்கும் வரை எழுந்திருப்பதில்லை.

படம் ஓடும்போது தூங்கிவிடும் உறுப்பினரைக் குழுவிலிருந்து நீக்கலாமா?
— வாசகர், திசையன்விளை

வேண்டாம். டிக்கெட் அவர் காசு. குறட்டை விட்டால் மட்டும் எழுப்புங்கள். அவரே அந்த வார முறைக்காரர் என்றால் உடனே எழுப்புங்கள்.