யாருக்கும் இல்லாத பெயர்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தாள். அஸ்த நட்சத்திரம், மூன்றாம் பாதம். 'ண' என்ற எழுத்தில் பெயர் தொடங்க வேண்டும் என்று சோதிடர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த எழுத்தில் தொடங்கும் தமிழ்ச்சொல் ஒன்றும் கிடைக்கவில்லை. நான் படித்த வகுப்பில் என் பெயரில் நான்கு பேர் இருந்தோம். பள்ளிக்காலம் முழுவதும் தலைப்பெழுத்தைச் சேர்த்தே என்னை அழைத்தார்கள். என் மகளுக்கு அது நேரக்கூடாது என்று மூன்று வாரமாக இணையத்தில் பெயர்ப் பட்டியல்களைப் பார்த்து வருகிறோம். புதுமையான பெயர்கள் நிறைய இருக்கின்றன. ஆனால் ஒரே பெயருக்கு ஓரிடத்தில் 'ஒளி' என்றும் இன்னோரிடத்தில் 'பார்வதி' என்றும் பொருள் போட்டிருக்கிறார்கள். என் மாமியார், தம் மாமியாரின் பெயரான நாச்சம்மாள் என்பதை எங்காவது சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிறார். அது மிகவும் பழைய பெயராக இருக்கிறதே என்று தயங்குகிறோம். யாருக்கும் இல்லாத, ஆனால் நல்ல பொருளுள்ள தமிழ்ப் பெயரை எப்படிக் கண்டுபிடிப்பது?

ம., ஈரோடு

அன்புள்ள ம.,

குழந்தைக்கும் உங்கள் இருவருக்கும் என் வாழ்த்துகள். முதலில் அந்த 'ண' எழுத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் தேடலை இவ்வளவு குறுக்கியது அதுதான். இருபத்தேழு நட்சத்திரங்களுக்கும் பாதத்துக்கு ஒன்றாக 108 எழுத்துகளைப் பகிர்ந்து தரும் முறை வடமொழி எழுத்து வரிசையை அடிப்படையாகக் கொண்டது. தமிழில் எந்த எழுத்துகள் சொல்லுக்கு முதலில் வரும் என்பதைத் தொல்காப்பியம் மொழிமரபு என்னும் இயலில் வரையறுத்திருக்கிறது. ட, ண, ர, ல ஆகியவை அந்த வரிசையில் இல்லை. அஸ்தத்துக்குரிய பூ, ஷ, ண, ட என்ற நான்கில் 'பூ' ஒன்றுதான் தமிழ்ச்சொல்லைத் தொடங்கக்கூடிய எழுத்து. ஆகவே உங்களுக்குச் சொல் கிடைக்காததில் வியப்பில்லை. 'ண' வந்தால் 'ந' என்று வைத்துக்கொள்வது பல குடும்பங்களில் உள்ள வழக்கம். நட்சத்திர எழுத்தில் ஒரு பெயரைப் பெயர்சூட்டும் நாளில் காதில் சொல்லிவிட்டு, அழைப்பதற்கும் பள்ளிக்கும் வேறு பெயர் வைப்பவர்களும் உண்டு. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் 'ந' என்பதை ஏற்றுக்கொண்டால் வழி மிக அகலமாகிவிடும்.

அடுத்து, பட்டியல்களில் நீங்கள் கண்ட புதுமையான பெயர்கள். அவற்றுள் பல உண்மையில் சொற்களே அல்ல. தந்தை பெயரிலிருந்து ஓர் அசையும் தாய் பெயரிலிருந்து ஓர் அசையும் எடுத்து, காதுக்கு நாகரிகமாகத் தோன்றும் ஒரு விகுதியைச் சேர்த்து உருவாக்கியவை அவை; பொருள் பிறகு எழுதப்படுகிறது. அதனால்தான் ஒரே பெயருக்கு இடத்துக்கு ஒரு பொருள் வருகிறது. தமிழ்ப் பெயரானால் நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகன் என்னும் பேரகராதி இப்போது இணையத்திலும் கிடைக்கிறது. அந்தச் சொல்லோ அதன் வேரோ அங்கே இல்லையென்றால், பட்டியல் சொல்லும் பொருளை நம்பிப் பெயர் வைக்க வேண்டாம். உங்கள் மகளிடம் அவள் பெயரின் பொருளை வாழ்நாள் முழுவதும் யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். சொல்வதற்கு மெய்யான ஒரு விடை அவளிடம் இருக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

உங்கள் கேள்வியில் ஓரிடத்தில் மட்டும் நான் மாறுபடுகிறேன். யாருக்கும் இல்லாத பெயரைத் தேடுவதைவிட, முன்பு யாரோ ஒருவர் தாங்கி, இன்று அருகிப்போன பெயரைத் தேடுவது மேல். முதலாவது வெறும் ஒலியாக வந்து சேர்கிறது. இரண்டாவது ஓர் ஆளோடும் ஒரு கதையோடும் வருகிறது. மேலும், ஒரு பெயர் அரிதாகவே நீடிக்குமா என்பது நம் கையில் இல்லை. யாழினி என்ற பெயரை முதலில் கேட்டபோது எவ்வளவு புதிதாக இருந்தது என்பது எனக்கு நினைவிருக்கிறது. இன்று என் தெருவிலேயே மூன்று யாழினிகள் விளையாடுகிறார்கள். திராவிட இயக்கத்தில் நாராயணசாமி என்ற இளைஞர் நெடுஞ்செழியன் ஆனபோதும், இராமையா என்ற இளைஞர் அன்பழகன் ஆனபோதும் அவை துணிவான, கேட்டறியாத பெயர்கள். ஒரு தலைமுறைக்குள் தமிழ்நாட்டுப் பள்ளி வருகைப் பதிவேடுகளில் அவை நிறைந்துவிட்டன. நல்ல பெயரைப் பிறரும் விரும்பத்தான் செய்வார்கள். அதற்காக அதை விட்டுவிட வேண்டியதில்லை.

அப்படி அருகிப்போன பெயர்கள் எங்கே இருக்கின்றன என்றால், நான் முதலில் சங்கப் புலவர் வரிசையைத்தான் சொல்வேன். அங்கே பெண்பாற் புலவர்களின் பெயர்களைத் தனியே எடுத்து வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்: நன்முல்லை, நன்னாகை, நல்வெள்ளி, நக்கண்ணை, நச்செள்ளை, இளவெயினி. நக்கீரன், நப்பூதன் என்னும் பெயர்களில் உள்ள அதே 'ந' தான் நக்கண்ணையிலும் நச்செள்ளையிலும் நிற்கிறது. 'நல்ல' என்ற பொருளைத் தரும் முன்னொட்டு அது. உங்களுக்கு வேண்டிய எழுத்தே நம் பழம்பெயர்களின் வாழ்த்தெழுத்தாக இருந்திருக்கிறது என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தருகிறது. இவற்றுள் நான் முதலிடம் கொடுப்பது நன்முல்லைக்கு. அள்ளூர் நன்முல்லையார் குறுந்தொகையில் பாடியவர். கிளி தன் வளைந்த அலகில் கவ்வியிருக்கும் வேப்பம்பழத்தைப் பார்த்து, புதிய நூலில் கோப்பதற்காகப் பொற்கொல்லன் நகநுனியில் பிடித்திருக்கும் பொற்காசு அவருக்கு நினைவுக்கு வருகிறது. 'குக்கூ' என்று கோழி கூவிய மாத்திரத்தில், காதலனின் தோளைப் பிரிக்கும் வாளைப் போல விடியல் வந்ததே என்று நெஞ்சு துணுக்குற்ற பெண்ணைப் பாடியவரும் அவரே. உங்கள் மகள் வளர்ந்து, என் பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்கும் நாளில் இந்த இரண்டு பாட்டையும் எடுத்துக் காட்டலாம். வீட்டில் முல்லை என்று அழைக்கலாம். நப்பசலை என்ற பெயரும் அந்த வரிசையில் உண்டு. ஒலி இனியதுதான், ஆனால் பசலை என்பது பிரிவுத் துயரால் மேனியில் படரும் நிற வேறுபாடு. குழந்தைக்கு வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது இடம் கோயில்கள். நம் ஊர்களில் அம்மனுக்குப் பல இடங்களில் இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று தமிழ், மற்றது வடமொழி. திருச்சிராப்பள்ளியில் மட்டுவார்குழலி, சுகந்த குந்தளாம்பிகை. நாகப்பட்டினத்தில் கருந்தடங்கண்ணி, நீலாயதாட்சி. வேதாரண்யத்தில் யாழைப் பழித்த மொழியாள். தன் பேச்சின் இனிமையால் யாழையே தோற்கச் செய்தவள். திருவாலங்காட்டில் வண்டார்குழலி, திருமுல்லைவாயிலில் கொடியிடை, திருவொற்றியூரில் வடிவுடையாள். உங்கள் பக்கத்திலேயே பேரூரில் பச்சைநாயகியும் அவிநாசியில் பெருங்கருணை நாயகியும் இருக்கிறார்கள். இவற்றை அப்படியே வைக்க நீளம் தடையென்றால் ஒரு பகுதியை எடுக்கலாம். வடிவு என்று சுருக்கி அழைக்கும் வழக்கம் தென்மாவட்டங்களில் நெடுங்காலமாக இருக்கிறது.

கல்வெட்டுகளில் இன்னொரு செல்வம் கிடக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இராசராசன் பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயில் ஆடல்மகளிரின், பெயர்களும், எந்தத் தெருச் சிறகில் எத்தனையாவது வீடு என்பதும், ஆளுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல் என்பதும் கோயில் மதிலில் வெட்டப்பட்டிருக்கின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த இத்தனை சாதாரணப் பெண்களின் பெயர்களை ஒருசேரப் படிக்கும் வாய்ப்பு வேறெங்கும் எளிதில் கிடைக்காது. சேரமங்கை, ஏகவீரி, சோழகுலசுந்தரி என்று போகும் வரிசையில் எடுத்தபாதம் என்று ஒரு பெண் வருகிறாள். ஆடவல்லானாகிய நடராசரின் தூக்கிய திருவடியையே பெயராகக் கொண்ட ஆடல்மகள். அந்தப் பெயரை முதன்முதலில் படித்த நாளில் என்னால் அடுத்த வரிக்குப் போக முடியவில்லை. இன்று ஒரு குழந்தைக்கு வைக்கச் சொல்ல மாட்டேன். ஆயினும் பெயர் வைப்பதில் நம்மவர்களுக்கு எவ்வளவு துணிவு இருந்தது என்பதற்கு அதைவிடச் சான்று எனக்குத் தெரியாது. ஆண் குழந்தைக்குப் பெயர் தேடுகிறவர்கள் கீழடிப் பானை ஓடுகளில் கீறப்பட்டிருக்கும் ஆதன், குவிரன் என்ற பெயர்களிலிருந்து தொடங்கலாம்.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் தொடுத்த 99 பூக்களைப் பற்றிப் பலர் எழுதிக் கேட்கிறார்கள். மௌவல், அதிரல், தளவம் போன்றவை அழகானவை. ஞாழல் இன்னும் அழகு. ஆனால் 'ஞா', 'ழ' இரண்டும் சேர்ந்த பெயரைத் தமிழறியாத ஊரில் நாள்தோறும் திருத்திச் சொல்ல வேண்டியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி நாச்சம்மாள். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் தொட்டது, 'எங்காவது சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று உங்கள் மாமியார் சொன்னதுதான். முழுப் பெயராக வையுங்கள் என்று கேட்கும் உரிமை தமக்கு இல்லையோ என்று தயங்கி, ஓர் ஓரத்தை மட்டும் அவர் கேட்டிருக்கிறார். பேரன், பேத்தி என்ற சொற்களே பெயர் என்பதிலிருந்து வந்தவை. மூத்தவர் பெயரைத் தாங்குகிறவன் பெயரன். நற்றிணையில் ஒரு பாட்டு இருக்கிறது. பரத்தையிடம் போயிருந்த கணவன், மகன் பிறந்த செய்தி கேட்டு, நள்ளிரவில் கள்வனைப் போல ஒளிந்து வீட்டுக்கு வருகிறான். 'சிறந்தோன் பெயரன் பிறந்தமாறே' என்று பாட்டு முடிகிறது. தன் தந்தையின் பெயரைத் தாங்க ஒருவன் பிறந்துவிட்டான் என்ற செய்தி அவனை இழுத்து வந்திருக்கிறது. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டு வழக்கத்தைத்தான் உங்கள் மாமியார் அவ்வளவு தயங்கித் தயங்கிக் கேட்கிறார்.

நாச்சி என்றால் தலைவி, அரசி. நாச்சியார் என்று நாம் ஆண்டாளைச் சொல்கிறோம். 1780-இல் சிவகங்கையை மீட்ட வேலு நாச்சியாரைச் சொல்கிறோம். கொங்கு நாட்டில் ஒருகாலத்தில் வீட்டுக்கு வீடு இருந்த பெயர் என்பதால் உங்களுக்கு அது பழையதாகத் தெரிகிறது. ஆனால் உங்கள் மகள் பள்ளிக்குப் போகும் ஆண்டில் அவள் வகுப்பில் இன்னொரு நாச்சி இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. 'நா' என்று தொடங்குவதால் சோதிடரின் எழுத்துக்கும் பொருந்துகிறது. நாச்சி என்று மட்டும் வைக்கலாம். நாச்சியார் என்றும் வைக்கலாம். நன்முல்லை நாச்சியார் என்று இரண்டையும் சேர்த்தாலும் எனக்கு நிறைவாகவே ஒலிக்கிறது.

பழைய பெயர் என்பதாலேயே எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளலாம் என்று நான் சொல்லவில்லை. தொடர்ந்து பெண் பிறந்த வீடுகளில் போதும்பொண்ணு என்றும் வேண்டாம் என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள். பிறந்த பிள்ளைகள் தங்காத வீடுகளில், குழந்தையைக் குப்பையில் கிடத்தி எடுத்துக் குப்பம்மாள் என்று அழைத்திருக்கிறார்கள். பின்னதில் அச்சமும் பாசமும் இருக்கின்றன. முன்னதில் ஒரு பெண்ணை வாழ்நாள் முழுதும் உறுத்தும் புறக்கணிப்பு இருக்கிறது. அத்தகைய பெயரை எந்தப் பாட்டியின் நினைவாகவும் அடுத்த தலைமுறைக்குக் கொடுக்க வேண்டாம். பாட்டியின் கதையைச் சொன்னால் போதும்.

முடிவெடுக்க அவசரப்பட வேண்டாம். பிறப்பைத்தான் 21 நாள்களுக்குள் பதிய வேண்டும். குழந்தையின் பெயரை ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம், அதன் பிறகும் பதினைந்து ஆண்டு வரை கட்டணத்தோடு சேர்க்கலாம். பதிந்த பெயரை மாற்றுவதுதான் கடினம். ஆகவே இரண்டு மூன்று பெயர்களை வைத்துக்கொண்டு, ஒரு வாரம் ஒன்றால் அழைத்துப் பாருங்கள். தொட்டிலருகே குனிந்து மெல்லச் சொல்லியும் பாருங்கள். வாசலில் நின்று தெருமுனைக்குக் கேட்கும்படி அழைத்தும் பாருங்கள். ஆங்கில எழுத்தில் எப்படி எழுதப் போகிறீர்கள் என்பதையும் இப்போதே முடிவு செய்து, பிறப்புச் சான்றிதழ் முதல் கடவுச்சீட்டு வரை அதே எழுத்துகளையே எழுதுங்கள்.

அதற்கெல்லாம் முன்னால், இன்று மாலை மாமியாரின் பக்கத்தில் உட்கார்ந்து, நாச்சம்மாள் எப்படிப்பட்டவர் என்று கேளுங்கள். எந்த ஊரில் பிறந்தார், எதைச் சமைத்தால் தெருவே மணத்தது, கோபம் வந்தால் என்ன சொல்வார், கடைசி நாள்களில் யாரைத் தேடினார் என்று கேட்டு, அவர் சொல்வதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எந்தப் பெயரை வைத்தாலும் அந்த நோட்டு உங்கள் மகளுக்கு வேண்டும். பெயர் சூட்டியதும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்.